கண்ணாடிக்காரரின் கணவாய்

மலையில் ஏதாவது ஆகிவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். கண்ணாடிக்காரர் இறந்ததோ அவர் கடையில், யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலேயே அவர் மனைவி நின்றிருந்தார்.

கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்பது அவர் தொழில். சனி, ஞாயிறு வந்தால் மலைக்குப் போய்விடுவார். அவர் பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர்: ஒரு தபால்காரர், ஒரு பேக்கரிக்காரர், இரண்டு ஆசிரியைகள், இன்னும் சிலர், கடைசியாக நான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஒருமுறை மணிக்கட்டு வீங்கி என்னிடம் படம் எடுக்க வந்தார்.

"எங்க விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"விழல, குதிச்சேன். தரை கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு" என்றார்.

அப்போது நான் விவாகரத்தாகி, வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த மணிக்கட்டு சரியாவதற்குள் அவர் பின்னால் ஏற ஆரம்பித்துவிட்டேன். என் பெயரும் எக்ஸ்ரே என்று ஆகிவிட்டது.

எனக்கு உயரம் என்றால் கை கால் ஓடாது. முதல் மாதமே ஒரு பாறை விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அவர் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்தார்.

"பயப்படு, நல்லாவே பயப்படு. பயந்துக்கிட்டே காலை எடுத்து வை. பயம் போனதுக்கு அப்புறம்தான் நடப்பேன்னு உக்காந்தா இங்கயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

பாதி ஆரஞ்சை என் கையில் கொடுத்தார். தின்றுவிட்டு எழுந்து நடந்தேன். அதற்கப்புறம் பல வருடம் அவரோடு நடந்தேன். யாருக்காவது மூச்சு வாங்கினால் தன் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதாகச் சொல்லி நின்றுவிடுவார். அத்தனை தடவை ஷூ கயிறு அவிழும் மனிதரை நான் பார்த்ததில்லை.

அவர் போன சில வாரங்களுக்குப் பிறகு பேக்கரியில் கூடினோம். அவர் எங்களை அடிக்கடி அழைத்துப் போகும் கணவாயின் உச்சியில் அவர் பெயர் பொறித்த ஒரு கல் வைப்பது என்று முடிவானது. அவர் மனைவியிடம் சம்மதம் கேட்கத் தபால்காரரும் நானும் போனோம். நாங்கள் அண்ணி என்று கூப்பிடும் அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஒரு லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுது முடித்த முகம். ஆனால் கை நிற்கவில்லை.

"கல்லு எங்க வைக்கப் போறீங்க?"

"கணவாய்ல அண்ணி. அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்ச இடம்" என்றார் தபால்காரர்.

"அது எப்படி இருக்கும்?"

தபால்காரர் இரண்டு கையையும் விரித்தார். "அதை... அங்க போய் நின்னு பாத்தாத்தான் அண்ணி தெரியும்" என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

"சரி, போய் நின்னு பாக்கறேன். பாத்துட்டு முடிவு சொல்றேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி ஒருநாள்கூட எங்களோடு வந்ததில்லை. சனி, ஞாயிறுதான் கண்ணாடிக் கடையில் கூட்டம். அண்ணன் மலைக்குப் போன அத்தனை ஞாயிறும் கடையை நடத்தியவர் அண்ணிதான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

"ஏறறது கஷ்டம் அண்ணி" என்றேன்.

"நீ ஏறற இல்ல?"

"ஏறறேன்."

"உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அண்ணன்தான்."

"அப்ப எனக்கு நீ சொல்லிக் கொடு."

அடுத்த நாளே அவர் மகன் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். வேறு ஊரில் வேலை பார்ப்பவன், அப்பாவின் காரியங்களுக்காக வந்து தங்கியிருந்தான். "அக்கா, அம்மாவுக்கு முட்டி தேஞ்சிருக்கு. நீங்கதானே படம் எடுத்தீங்க?"

"நான்தான் எடுத்தேன் தம்பி. தேய்மானம் இருக்கு. ஆனா டாக்டர் நடக்க வேண்டாம்னு சொல்லல, நடங்கன்னுதான் சொன்னாரு."

"தெருவுல நடக்கச் சொன்னாரு. மலையில இல்ல."

சாயங்காலம் அவர்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என் முட்டியைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சதும் சொல்லுங்க. அது என்கிட்டதான் இருக்கு."

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படிகளில் பயிற்சி ஆரம்பமானது. விடிந்ததும் கீழிருந்து மேல், மேலிருந்து கீழ். பேக்கரிக்காரர் சின்னச் சின்ன மாவுப் பொட்டலங்கள் கட்டிக்கொடுத்தார். வாரத்துக்கு ஒன்றாக அண்ணியின் முதுகுப் பையில் சேர்த்தோம். மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறந்து, "லிப்ட் வேலை செய்யலையா?" என்று கேட்டார். "லிப்டுக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி நிற்காமல் ஏறினார். சில நாள் முட்டி வீங்கும். அன்றைக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்காருவார். ஓய்வு எடுங்கள் என்றால் காதில் வாங்கமாட்டார். இறங்கும்போது குதிகாலை எப்படி ஊன்றுவது, கைத்தடியை எங்கே குத்துவது என்று எனக்கு அண்ணன் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

எல்லோருமாக முதல் தடவை கணவாய்க்குக் கிளம்பியபோது மலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதி வழியில் குறுக்கே ஓர் ஓடை. மற்ற நாட்களில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிவிடலாம். அன்று கற்கள் தண்ணீருக்குள் இருந்தன. அண்ணி நடுவில் இருந்த கல் வரைக்கும் போய்விட்டார். அங்கே கால் வழுக்கியது. நான் பாய்ந்து முதுகுப் பையைப் பிடித்தேன். இடுப்பு வரை நனைந்து, ஒரு கைத்தடியையும் தண்ணீர் கொண்டுபோய், இரண்டு பேரும் கரைக்குத் தவழ்ந்து வந்தோம்.

திரும்பிவிட்டோம். அடிவாரத்தில் தபால்காரரின் வேனில் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்ட பிறகு அண்ணி கேட்டார்.

"அவர் கூட வரும்போது இந்த ஓடையை எப்படித் தாண்டுவீங்க?"

"அண்ணன் நடுவுல இறங்கி நிப்பாரு அண்ணி" என்றேன். "தொடை வரைக்கும் தண்ணி ஓடும். ஒவ்வொருத்தரா கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் அனுப்புவாரு."

"எல்லாரையுமா?"

"கடைசி ஆள் வரைக்கும்."

"இப்ப யாரு நிக்கறது?"

தபால்காரர் சாவியைத் திருகினார், வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது, வேலைக்கும் வந்தது. அவர் போனதிலிருந்து நாங்கள் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அவர் செய்ததில் ஒன்றைக்கூட யாரும் எடுத்துச் செய்யவில்லை.

அடுத்த தடவை எல்லோரும் கிளம்பியபோது அண்ணியின் மகனும் வந்தான். "வேடிக்கை பாக்கத்தான் வர்றேன்" என்றான். ஓடையில் தண்ணீர் குறைந்திருந்தது. குளிர் மட்டும் குறையவில்லை. நான் முதலில் இறங்கினேன். நடுவில் போய்க் காலை அகட்டி ஊன்றி நின்றேன். தண்ணீர் முழங்காலைத் தள்ளியது. பயமாக இருந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று கையை நீட்டினேன்.

"வாங்க அண்ணி."

அண்ணி என் கையைப் பிடித்தார். சும்மா பிடிக்கவில்லை, நகம் பதியப் பிடித்தார். ஒரு கல், இன்னொரு கல், அந்தக் கரை. அடுத்து மகன். அவனும் அப்படியே இறுக்கிப் பிடித்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மற்றவர்கள், கடைசி ஆள் வரைக்கும்.

கணவாயை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இரண்டு மலைத்தோள்களுக்கு நடுவே தரை சட்டென்று விழுந்து, கீழே பள்ளத்தாக்கு. அதற்கப்பால் மலை, அதற்கும் அப்பால் மலை, கடைசியில் எது மலை எது மேகம் என்று பிரிக்க முடியாத நீலம். அண்ணி கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் பார்ப்பதற்கான கண்ணாடியை மாட்டினார். அவர் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் வரை நாங்கள் தள்ளியே நின்றோம்.

பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கல்யாணமான புதுசுல கூப்பிட்டாரு. கடையை யாரு பாக்கறதுன்னு கேட்டேன். அப்புறம் அவர் கூப்பிடல, நானும் கேக்கல. எனக்குக் கோபம்தான். ஞாயித்துக்கிழமை ஆனா நான் ஒருத்தி கூட்டத்துல முட்டிக்கிட்டு நிக்க, இவர் மட்டும் இங்க வந்து உக்காந்திருக்காரேன்னு."

"இப்ப?"

"இப்பவும் கோபம்தான்." முகத்தைப் புறங்கையால் துடைத்தார். "இவ்வளவையும் பாத்துட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, 'நல்லா இருந்துச்சு'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருக்காரு பாரு. இன்னும் ஒருதரம் இழுத்திருக்கலாம். நானும் கடையை ஒருநாள் பூட்டியிருக்கலாம்."

ரொட்டியை எடுத்துப் பிட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அண்ணி எல்லோரையும் கூப்பிட்டார்.

"இங்க கல்லு வேண்டாம். இந்த இடத்துல அவர் பேரை எழுதி ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகப் போறதில்ல. அந்த ஓடைக்குக் குறுக்க, பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஒரு கம்பி போடுங்க. நீங்க இல்லாத நாள்லயும் யாராவது வருவாங்க இல்ல?"

பேக்கரிக்காரர் தலையாட்டினார். "போட்டுடலாம் அண்ணி. இரும்புத் தூண் ரெண்டு பக்கமும் நிக்கணும். தூக்கிட்டு வரணுமே."

"அதுக்குத்தானே மாவு மூட்டை சுமந்து பழகியிருக்கேன்" என்றார் அண்ணி.

வனத்துறை அனுமதிக்கு ஆசிரியைகள் இருவரும் அலைந்தார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் தூண்களை எங்களால் சுமக்கக்கூடிய துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று திருகி இணைக்கும்படி மரையோட்டிக் கொடுத்தார். மழைக்காலம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் ஏறினோம். தோள் கன்றியது, கையில் கொப்புளம் போட்டது. தூணுக்குக் குழி எடுத்த இடத்தில் பாறை வந்தது. இரண்டு வாரம் உளியோடு மல்லுக்கட்டினோம். மகன் ஊருக்குத் திரும்பவேண்டியவன், லீவை நீட்டிவிட்டு வந்து சம்மட்டி பிடித்தான். கம்பிவடத்தை இழுத்துக் கட்டிய அன்று, அதை முதலில் பிடித்துத் தாண்டியவர் அண்ணி. நடுவில் நின்று, உடம்பு எடை முழுவதையும் போட்டு இரண்டு குலுக்குக் குலுக்கினார். கம்பி அசையவில்லை.

"தாங்கும்" என்றார்.

இப்போது குழுவை முன்னால் நடத்திப் போவது நான். விரும்பி ஏற்றுக்கொண்டதல்ல, தபால்காரரும் பேக்கரிக்காரரும் பின்னால் போய் நின்றுகொண்டார்கள், வேறு வழியில்லை. கண்ணாடிக் கடை மாதத்தில் ஒரு ஞாயிறு பூட்டியிருக்கும். முதல் மாதம் ஒரு பெரியவர் அண்ணியிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பிப் போனாராம். அண்ணி அவரை உட்கார வைத்துக் கண்ணைப் பரிசோதித்து அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அடுத்த முறை எந்த மலை, எவ்வளவு ஏற்றம் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.