ஒரே சாயல்

நாத்தனாரின் கம்பெனி பழச்சாறு சிரப்பில் தொடங்கி, சோப்பு, தரை துடைக்கும் திரவம் என்று கிளைவிட்டு வளர்ந்திருந்தது. ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத மாதிரி ஒவ்வொன்றும் ஒரு கோலத்தில் கிடந்தது. கடைப் பலகையில் ஓர் எழுத்து, பையில் வேறு எழுத்து. வேனுக்கு என்ன நிறம் என்பதில் டிரைவருக்கே சந்தேகம். தம்பி மனைவி டிசைனர் என்பதால் அதையெல்லாம் சீராக்கும் வேலை அவளிடமே வந்தது.

"எதப் பார்த்தாலும் நம்ம வீட்டுப் பிள்ளைன்னு தெரியணும்மா. மூக்கும் முழியும் ஒரே மாதிரி இருக்கணும்," என்றாள் நாத்தனார்.

அவள் மாய்ந்து மாய்ந்து செய்தாள். ஒரே ஆரஞ்சு நிறம், ஒரே பச்சை இலை, ஒரே தடித்த எழுத்து. விசிட்டிங் கார்டு முதல் வேன் கதவு வரை எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாயின. கடைசியில் பாட்டிலையும் ஒன்றாக்கிவிடலாம் என்று நாத்தனார் சொன்னபோதுதான் மனதுக்குள் ஏதோ நெருடியது. தரை துடைப்பதற்கு மட்டும் வேறு வடிவம் வைக்கலாமே அண்ணி என்று இழுத்துப் பார்த்தாள். அப்புறம் குடும்பம் எப்படித் தெரியும் என்று கேட்டாள் நாத்தனார். இவளும் விட்டுவிட்டாள். எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது இலைக்குக் கீழே பொடி எழுத்தில் நின்றது.

புதுச் சரக்கு ஏற்றிய வேன்கள் காலையில் கிளம்பிய அன்று, அவள் ஆபீஸில் கண்ணாடி அலமாரியை அலங்கரித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து கணவன் போன் செய்தான். அவள் முந்தின நாள் கொண்டுவந்து வைத்த சாம்பிள்களைத் திறந்துவிட்டானாம். பாப்பாவுக்கு சிரப் கலந்து கொடுத்தாயிற்று, குடித்துக்கொண்டிருக்கிறாள். தரையும் துடைத்தாயிற்று, குளிக்கப் போகிறேன் என்றான். பரவாயில்லையே என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். பாட்டில்கள் வரிசையாக நின்றன. எது குடிப்பது, எது துடைப்பது என்று அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அவற்றை அடுக்கியவளே அவள்தான்.

கணவனைத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. டாக்ஸியில் ஏறி, வழியெல்லாம் அந்த எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தாள். ஒன்றும் இருக்காது, அவர் பார்த்துத்தான் ஊற்றியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தாள். செருப்பு தரையில் ஒட்டிக்கொண்டது. வீடெங்கும் ஆரஞ்சு வாசனை. குனிந்து தரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

அவளுக்கு உயிர் பாதி போய்விட்டது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். சோபாவில் மகள் கண்மூடிச் சுருண்டு கிடந்தாள். பக்கத்து ஸ்டூலில் இருந்த கண்ணாடி டம்ளரின் விளிம்பில் நுரை ஒட்டியிருந்தது. வாரி எடுத்து உலுக்கியதும் குழந்தை விழித்து அழத் தொடங்கியது. அந்த அழுகை கேட்டுத்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"குடிச்சியாடா கண்ணு?"

"கொஞ்சூண்டு. துப்பிட்டேன். நாக்கு எரியுதும்மா."

ஈரத்தலையோடு ஓடிவந்த கணவன் தரையைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். அப்புறம் டம்ளரில் ஊற்றிய பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, அந்தத் திரவத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று. லேபிளின் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தவள் விழித்தாள். அழகு கெட்டுவிடக் கூடாது என்று அந்த விவரத்தைப் பின்பக்க மூலையில் ஒடுக்கியவளும் அவள்தான். டாக்டரம்மா பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கி, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டியிருந்தது. உள்ளே போனது சொற்பம், வாய்தான் புண்ணாகியிருக்கிறது, சாயங்காலம் வரை பார்ப்போம் என்றார்.

தகவல் தெரிந்து நாத்தனார் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். தம்பி மகளின் வீங்கிய உதட்டைப் பார்த்து அழுதாள். அழுகை சட்டென்று நின்றது.

"வேனெல்லாம் போயிடுச்சேம்மா," என்றாள் மெதுவாக.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் எத்தனையோ வீட்டுச் சமையலறைகள் இருந்தன.

குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு இருவரும் கடை கடையாகக் கூப்பிட்டார்கள், ஓடினார்கள். நாத்தனாரே இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பெட்டிகளைத் திரும்ப வேனில் ஏற்றினாள். ஏறக்குறைய எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு கடையில் மட்டும் தரை துடைக்கும் திரவம் ஒரு பாட்டில் விற்றுப்போயிருந்தது. வாங்கியது யாரென்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. கையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடை வாசலில் இவள் பெரிய எழுத்தில் எச்சரிக்கை ஒட்டி, தன் போன் எண்ணையும் அதில் போட்டாள். அக்கம்பக்கத் தெருக்களில் வீடு வீடாகக் கேட்டார்கள். யாரும் வாங்கியதாகச் சொல்லவில்லை. மகள் மறுநாளே விளையாடத் தொடங்கிவிட்டாள். தரை துடைக்கும் திரவம் இப்போது கறுப்புச் சதுரப் பாட்டிலில், இலையும் ஆரஞ்சும் இல்லாமல் வருகிறது. நாத்தனாரே கேட்டு வாங்கிய மாற்றம் அது.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் அவள் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். பெரும்பாலும் சிரப் பெரிய பாட்டிலில் கிடைக்குமா என்று கேட்பவர்கள்தான். கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றும் கேட்டுவைக்கிறாள்.