பதுங்குகுழிக்கு ஒரு பொறியாளர்

அவித்த மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே டோரதி கேட்டாள். "என்னண்ணே, முகமெல்லாம் சிரிப்பா இருக்கு?"

ஜார்ஜ் டவுன் நகராட்சியில் எழுத்து வேலை பார்க்கும் பெரிய கிராணியான பெர்னார்ட், மேசைமேல் இருந்த தாளைத் தட்டினான். "உன் சீதனத்தை முடிச்சிட்டேன்லா."

ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டுக்கு அப்போது ஏது மதிப்பு? மாப்பிள்ளை வீட்டார் பணம் கேட்கவில்லை. மகன் இராயப்பனுக்கு நகராட்சி வேலை கேட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் குண்டுவீச்சின்போது ஒளிய, பதுங்குகுழி கட்டும் மேற்பார்வை.

வெளியாரை அப்படி அமர்த்தும் விதியை அதிகாரி திருத்தச் சொல்லியிருந்தார். குறைந்த கூலி கேட்பவருக்கே வேலை என்பது போய், முதலில் தகுதி, பிறகே கூலிப் பேச்சு. நல்ல திருத்தம்தான். எழுதும் பொறுப்பு பெர்னார்டுக்கு. 'தகுதி பெற்ற பொறியாளர்' என்று எழுதியவன், 'அல்லது அனுபவமுள்ளவர்' என்றும் சேர்த்துவிட்டான். திருடுவதற்குப் பூட்டை உடைக்க வேண்டுமா என்ன?

"அவருக்கென்ன அனுபவம்? ரோட்டுக்குச் சல்லி அளந்தவர்தானே?"

"எல்லாரும் செய்றதுதான். திங்கக்கிழமை கையெழுத்தாயிடும்."

"குண்டு விழுந்தா கூரை மூட்டை தூக்கறவங்க தலையிலதான் இறங்கும். நாளைக்குக் கோயில்ல மூணாவது கல்யாண ஓலை வாசிப்பாங்க. கல்யாணத்துக்குத் தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் கேப்பாருல்ல? நானே எந்திரிச்சுச் சொல்வேன்."

"கல்யாணப் பொண்ணே எந்திரிச்சா ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். துறைமுகத்துல ஒப்பாரி கேக்கறதுக்கு அது மேல்."

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி இராயப்பன் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"மச்சான், அந்த வேலை எனக்கு வேணாம்" என்றான் அவன். "அப்பா சொன்னாருன்னு தலையாட்டிட்டேன். கூரைக்கு எவ்வளவு கம்பி போடணும்னு கேட்டா முழிப்பேன். முதல் ஓலை வாசிச்சதிலேர்ந்து தூக்கமே இல்ல. இப்பத்தான் மூச்சு வருது."

"உங்கப்பா?" என்றான் பெர்னார்ட்.

"நான் பேசிக்கிறேன். டோரதி, நாளைக்கு மட்டும் கொஞ்சம் உட்கார்ந்தே இரு."

"பாப்போம்" என்றாள் டோரதி, சிரிப்பை அடக்கமுடியாமல்.

பெர்னார்ட் பேனாவை எடுத்து, தான் சேர்த்ததை அழுத்தி அடித்தான். தோளிலிருந்து மூட்டை இறங்கியதுபோல் நாற்காலியில் சாய்ந்தான்.

"தங்கச்சிக்குச் செய்றேன்னு நெனச்சு, யாரோ பெத்த பிள்ளைங்க உசிரை எடுத்துச் சீதனமாக் குடுக்கப் பாத்தேன்மா. தகுதியில்லாத சொந்தக்காரனுக்கு ஊர் வேலையை வாங்கிக் குடுக்கறது பாசமில்ல, கொலைக்குத் துணை போறது."