இரண்டாயிரத்து நானூறு சதுர அடி

கம்பெனியில் எல்லோரும் 'ஸ்பேனர்' என்று கூப்பிடும் மனிதருக்கு மேனேஜர் நாற்காலி கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. இருபது வருடமாகப் பம்பு மோட்டார்களின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்த மெக்கானிக். பழைய மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிய மறுநாள், முதலாளி பழுதுபார்க்கும் பிரிவை இவர் தலையில் கட்டிவிட்டார். வேலை அத்துப்படி. மாதக் கடைசி மீட்டிங்தான் எமன். ஆளுக்கொரு கணக்குத் தாள் கொடுப்பார்கள். எல்லோரும் அதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், இவரும் ஆட்டுவார். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ஒரு ஆட்டு கூடுதலாகவே ஆட்டுவார்.

மூன்றாவது மீட்டிங்கில் முதலாளி, "பழுதுபார்க்கிற பிரிவு மாசம் நாப்பதாயிரம் நஷ்டம். மூடிடலாம்" என்றார். அதற்கும் தலையாட்டித் தொலைத்தார் மனுஷன்! பாதி ஆட்டிய பிறகுதான் விஷயம் மண்டையில் இறங்கியது.

"சார்! திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்!"

"இப்பதானேய்யா தலையாட்டுன?" என்றார் முதலாளி. ஆனாலும் டைம் கொடுத்தார்.

வீட்டில் மனைவி வாங்கு வாங்கென்று வாங்கினாள். "புரியலைன்னா வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்னங்க? உங்களை நம்பி ஆறு குடும்பம் இருக்கு. கௌரவம் பாக்கற நேரமா இது?"

ஸ்பேனருக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மெக்கானிக்குகளும் அவர் கையில் தொழில் பழகியவர்கள்.

மறுநாள் அக்கவுண்டன்ட் அம்மா முன்னால் போய் நின்றார். கம்பெனியே அந்த அம்மாவைக் கண்டால் நடுங்கும். "மேடம், இந்தத் தாள்ல எனக்கு ஒரு மண்ணும் புரியல."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு வருஷமா இந்தத் தாள் போடறேன். இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். உக்காருங்க. ஒவ்வொரு வரியா விரல் வைங்க. இது யாரு செஞ்ச செலவுன்னு கேளுங்க. அவ்வளவுதான் வித்தை."

சம்பளம், உதிரி பாகம், ஆயில் எல்லாம் தெரிந்த முகங்கள். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. இடப் பங்கு: ஒரு லட்சத்து இருபதாயிரம்.

"இதை எவன் தின்னான்?"

"கட்டட வாடகை. சதுர அடிக்கு அம்பது. எந்தப் பிரிவு எவ்வளவு இடம் வச்சிருக்கோ, அவ்வளவு அதோட தலையில. அளவு நீங்க எழுதிக் குடுத்ததுதான்" என்று ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டார். இரண்டாயிரத்து நானூறு சதுர அடி. கீழே ஸ்பேனரின் கையெழுத்து, இரண்டு கோடு அடித்து, வெகு ஜோராக.

ஸ்பேனருக்கு ஞாபகம் வந்தது. மேனேஜரான முதல் வாரம். சேல்ஸ் மேனேஜர் இரண்டாயிரம் என்று எழுதியதைப் பார்த்து, நாம் மட்டும் இளைத்தவனா என்று பின்பக்கக் கிடங்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்தது இவரேதான். கிடங்கில் கிடந்ததோ முதலாளி வீட்டுக் குப்பை. கால் உடைந்த சோபாக்கள், பழைய அலமாரிகள், நட்டநடுவில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை.

உடனே டேப்பைப் பிடித்து அளந்தார். குப்பை கிடந்த இடம் ஆயிரத்தைந்நூறு சதுர அடி. பிரிவு வெறும் தொள்ளாயிரம்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்றார். "தப்பு என்னோடது சார். பந்தாவுக்கு எடத்தைக் கூட்டி எழுதிட்டேன். இடப் பங்கைச் சரியாப் போட்டா எங்க பிரிவு மாசம் முப்பத்தஞ்சாயிரம் லாபம்."

முதலாளி தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அக்கவுண்டன்ட் அம்மா பக்கம் திரும்பி மெதுவாக, "ஏம்மா, இந்த இடப் பங்குன்னா என்ன?" என்றார்.

அறையில் ஒரு தலையும் ஆடவில்லை. ஸ்பேனரே அவர் பக்கத்தில் போய், அவர் விரலைப் பிடித்து ஐந்தாவது வரியில் வைத்து விளக்கினார்.

"அப்ப மிச்ச எழுபத்தஞ்சாயிரம் யாரு தலையில?"

"பில்லியர்ட்ஸ் மேசை யாரோடது சார்?"

சேல்ஸ் மேனேஜர் இருமி இருமிச் சிரிப்பை அடக்கினார். முதலாளி தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"பிரிவு இருக்கட்டும். கிடங்கைக் காலி பண்ணிடலாம்" என்றார் கடைசியில்.

இந்த முறை ஸ்பேனர் தலையாட்டவில்லை.

"எந்தத் தேதிக்குள்ள சார்? எழுதிக் குடுத்துடுங்க."