மாமா கேட்ட தண்ணீர்

பதினாறு நாளாக ஒரு வரி கூட வரவில்லை என்றால், பாட்டெழுதிப் பிழைக்கிறவன் முகம் எப்படி இருக்கும்? பல்வலிக்காரன் முகம் மாதிரி இருப்பதாக அக்கா சொன்னாள். நெடுநாள் பிரிந்திருந்த கணவனும் மனைவியும் மறுபடி சந்திக்கும் காட்சிக்கு இசையமைப்பாளர் மெட்டு அனுப்பியிருந்தார். 'தன்ன தன தானா' என்று அவரே முனகிய மெட்டு. கேட்கச் சுலபமாக இருந்தது, எழுத உட்கார்ந்தால் பிடி கொடுக்கவில்லை. நிலா, மழை, கடல் எல்லாவற்றையும் எழுதி அடித்தாகிவிட்டது.

அவன் அக்கா வீட்டில்தான் இருந்தான். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். காலையில் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை மாமாவைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. அக்காவின் கணவரான அந்த மாமா இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வாய் ஓயாத மனிதர். அவரிடம் படித்தவர்கள் கியர் போடக் கற்றுக்கொள்வதற்குள் தெருவில் பாதிப்பேர் வீட்டுக் கதையைத் தெரிந்துகொண்டு போவார்கள். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் பறித்துக்கொண்டது. மிஞ்சியது ஒரே சொல். பசித்தாலும் 'சரி', வலித்தாலும் 'சரி', கோபம் வந்தால் உரத்த குரலில் 'சரி'. என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள, வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டியிருந்தது.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். மாமா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அவன் அவருக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, அதே மெட்டை நூறாவது தடவையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல் மெட்டோடு சேர்ந்து வந்தது.

"தண்ணி குடு மாப்ள..."

பக்கத்து வீட்டு ரேடியோ என்றுதான் நினைத்தான். அப்புறம்தான், ரேடியோ தன்னை மாப்ள என்று கூப்பிடாது என்பது உறைத்தது. திரும்பினான். ஒரு பக்கம் கோணிய வாய் இன்னும் திறந்தே இருந்தது. மாமா இடது கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அது யாருடைய உதடோ என்பது போல.

அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். பாதி சட்டையில் சிந்தியது. குடித்து முடித்து மாமா என்னவோ சொல்ல முயன்றார். 'சரி' என்றுதான் வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அவன் எதிரே மண்டியிட்டு மெட்டைத் தொடங்கினான். தன்ன தன தானா. மாமா அவன் வாயையே பார்த்தார்.

"ஜன்னல் தொற மாப்ள..."

திறந்தான். மறுபடி மெட்டு.

"அக்கா வருவாளா..."

ஐந்து மாதம் உள்ளே அடைபட்டுக் கிடந்த கேள்வி அது. தினமும் வருகிறவள்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்க வழியில்லாமல் மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று வரிகளும் மெட்டில் ஒரு மாத்திரை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. இந்த ஓட்டைக் குரலுக்கு முன்னால் தன் பதினாறு நாள் நிலாவையும் மழையையும் நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஆறு மணிக்கு அக்கா வந்து செருப்பைக் கழற்றினாள். அவன் மெட்டை மட்டும் எடுத்துக்கொடுத்தான். மாமா மனைவியை நிமிர்ந்து பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"கிட்ட இரு, போதும்..."

அக்கா அழவில்லை. லென்ஸ் தூள் ஒட்டிய கையோடு அப்படியே நாற்காலியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். அவர் பாடினார். பிறகு அவள் கேட்கக் கேட்கப் பாடினார். அவன் அடுத்த அறைக்குப் போய், காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினான்.

மாமாவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஆஸ்பத்திரி அம்மாவுக்கு இதில் அவ்வளவு ஆச்சரியம் இல்லை. மூளையில் பேசுகிற இடம் அடிபட்டாலும் பாடுகிற இடம் சிலருக்குத் தப்பிவிடும், எல்லோருக்கும் வாய்க்காது, மெட்டோடேயே பழக்குங்கள் என்றார். காரணம் தெரிந்த பிறகும் அவனுடைய பிரமிப்பு குறையவில்லை.

இசையமைப்பாளர் முதலில், "என்னய்யா, வீட்ல பேசறத அப்படியே எழுதி அனுப்பியிருக்க?" என்று சலித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் அவரே மறுபடி கூப்பிட்டார். பாடிப் பார்த்ததாகவும், பாதியில் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டியதாகிவிட்டது என்றும் சொன்னார். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்றார்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு காலை அவன் தூங்கி எழுந்து வந்தபோது சமையலறையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. காபியில் சர்க்கரை போடமாட்டேன் என்று அக்கா அந்த மெட்டிலேயே பாடினாள். போட்டால்தான் குடிப்பேன் என்று மாமா அதே மெட்டில் பதில் பாடினார். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவன் உள்ளே போகாமல், கேட்டுக்கொண்டே கதவோரம் நின்றான்.