தேதி மட்டும் மாற்றிய கடிதம்

எட்டு வருடமாக, தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநங்கையரும் நடத்தும் வானவில் பேரணிக்கான கூட்டம் மனோஜ்குமாரின் பம்ப் உதிரிபாகக் கடைக்கு மேலே இருந்த அறையில்தான் நடந்துவந்தது. இந்த வருடம் அது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியின் பின்கட்டுக்கு மாறிவிட்டது. காரணம் கனிஷ்கா. சக்கர நாற்காலியில் வரும் பெண் பதினெட்டுப் படியை எப்படி ஏறுவாள்? நியாயம்தான் என்று மனோஜ்குமார் எல்லோருக்கும் முன்னால் சொன்னான். நேற்று வந்தவளுக்காக என் மாடியைக் காலி செய்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் புழுங்கினான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டீயும் தேங்காய் பன்னும் வந்தன. கனிஷ்கா மடியில் நோட்டை விரித்தாள். பேரணி போகும் தெருக்களை ஒரு வாரமாகச் சுற்றி, டேப் வைத்து அளந்து, மேடு பள்ளமெல்லாம் குறித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“நாம எப்பவும் போற குறுக்குத் தெருவுல சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்க. பலகை மேல நடந்துதான் தாண்டோணும். நாற்காலி போகாதுங்க. கொஞ்சம் சுத்துனாலும் பெரிய ரோட்டுலயே போயிரலாமுங்க.”

அதோடு விடவில்லை. மேடையில் சைகை மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், பறைச் சத்தம் தாங்காதவர்களுக்குத் திடலில் ஓர் ஓரம் வேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி வேண்டும், இதெல்லாம் உண்டு என்று நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்றாள். மனோஜ்குமார் எட்டு வருடமாகச் சொன்ன எதையும் எழுதி வைத்துக்கொள்ளாத, பேரணிக் குழுவின் பிரான்சிஸ், பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி எழுதினான். அதைப் பார்த்ததும் மனோஜ்குமார் கடித்த பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“இன்னொண்ணுங்க. மெதுவா வர்றவங்க முன்னாடி போகட்டும். போன வருசம் பின்னாடி விட்டுப்போட்டீங்க. நான் திடலுக்கு வந்தப்போ பந்தலைப் பிரிச்சுட்டு இருந்தாங்க.” அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மற்றவர்கள் தலைகுனிந்தார்கள். பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

“உங்களுக்குச் சரிதானுங்களா அண்ணா?”

“நல்லதுதானுங்க அம்மணி,” என்றான் மனோஜ்குமார்.

முன்வரிசை அவனுடையது. முதல் வருடம் வந்தவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் முகமூடி போட்டிருந்தார்கள். அவன் ஒருவன்தான் ஓர் ஆணை நேசிக்கும் ஆண் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு பேனரோடு முன்னால் நடந்தான். மறுநாள் பேப்பரில் வந்த படத்தைச் சொந்த ஊரான கிணத்துக்கடவில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பெரியப்பா வீட்டில் அன்றோடு பேச்சு நின்றது. இத்தனையும் பட்டுச் சம்பாதித்த இடத்தை, ஒரு டேப்பைக் காட்டி இவள் எடுத்துக்கொள்வதா?

அம்மா பழனாத்தாள் மட்டும் அவனை விடவில்லை. ஆனால் பேரணிக்கு ஒரு வருடமும் வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல வருடா வருடம் கிணத்துக்கடவுக்கே போய் நோட்டீஸைக் கொடுப்பான். “முட்டி வலி கண்ணு. அத்தன தூரம் நடக்க முடியாது. நீ போயிட்டு வா,” என்பாள். வெட்கத்துக்கு அம்மா வைத்திருக்கும் மறுபெயர்தான் முட்டி வலி என்று அவன் முடிவு கட்டியிருந்தான். இந்த வருடமும் கொடுத்தான். பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பினான்.

போலீஸ் அனுமதிக்குக் கடிதம் கொடுப்பது எப்போதும் அவன் வேலை. கடைக் கம்ப்யூட்டரில் போன வருடக் கடிதம் இருந்தது. வழியை மாற்ற நாலு வரி அடித்தால் போதும். அவன் தேதியை மட்டும் மாற்றி, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டான். யாராவது கேட்டால் கடை வேலையில் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். மறப்பதற்கு முன்பே காரணத்தைத் தயார் செய்கிறவன் மறந்தவனா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

பேரணி அன்று சாயங்காலம் நாலு மணிக்கு முந்நூறு பேர் கூடினார்கள். சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் முன்னால் போக, மற்றவர்கள் அந்த வேகத்துக்கே நடந்தார்கள். மனோஜ்குமார் ஐந்தாவது வரிசையில் மைக்கோடு முகம் இறுகி வந்தான். குறுக்குத் தெரு முனையில் இன்ஸ்பெக்டர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நேரா எங்க போறீங்க? லெட்டர்ல இந்தத் தெருதான இருக்குது. பந்தோபஸ்தும் இங்கதான் போட்டிருக்கோம்.”

கனிஷ்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“நீங்க முன்னாடி போங்கண்ணா. நாங்க இங்கயே நிக்கறோம்.”

அவன் போனான். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே போனான். பேனரின் ஒரு முனையைப் பிடித்துப் பலகை மேல் நடந்து பள்ளத்தைத் தாண்டினான். பழைய இடம், பழைய வேகம். மைக்கை வாயருகே வைத்துக் குரல் கொடுத்தான்.

“நாங்களும் இந்த ஊருதான்!”

“எங்களுக்கும் இந்தத் தெருதான்” என்று முந்நூறு குரல் வந்திருக்க வேண்டும். ஏழெட்டுக் குரல்தான் வந்தது. திரும்பிப் பார்த்தான். பேனரோடு வந்த ஏழெட்டுப் பேரைத் தவிர பலகையை யாரும் தாண்டவில்லை. பறையடிப்பவர்கள்கூடக் கோலைத் தாழ்த்திவிட்டுக் கனிஷ்காவின் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், பேரணிக்கு உதவ வந்த ரசாக் ஓட்டிவந்த பேட்டரி வண்டியில், பச்சைச் சேலையில் ஓர் அம்மாள் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது பழனாத்தாள்.

மைக்கைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு ஓடிவந்தான்.

“அம்மா, நீ எப்படி வந்தே?”

“வண்டி உண்டு, உக்கார எடம் உண்டுன்னு நோட்டீசுல போட்டிருந்துச்சு. அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். இந்தப் புள்ளதான் பேசுச்சு. பஸ் ஸ்டாண்டுக்கே வண்டிய அனுப்பிச்சுது.” பழனாத்தாள் கனிஷ்காவைக் காட்டினாள். “உன்ற அம்மான்னு நான் சொல்லல. வந்து நின்னு உன்னைய ஆச்சரியப்படுத்தலாம்னு பாத்தேன். இதுக்கு மேல வண்டி போகாதாமா கண்ணு?”

அவன் பள்ளத்தின் மேல் கிடந்த பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

“வருசா வருசம் முட்டி வலின்னு சொன்னேன். வெக்கப்பட்டுட்டு வரலீன்னு நெனச்சுட்டியா?”

ஆமாம் என்று தலையசைத்தான். அம்மாவின் வலியை எட்டு வருடம் பொய் என்று நினைத்திருக்கிறான். அந்த வலியை உண்மை என்று நம்பி வண்டி அனுப்பியவளின் வழியைத்தான் அடைத்துவிட்டு வந்திருக்கிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. கனிஷ்காவின் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

“நான் மறக்கலீங்க அம்மணி. தெரிஞ்சேதான் செஞ்சுபோட்டேன். நீங்க முன்னாடி போறதப் பாக்கப் பொறுக்கல.”

“தெரியுமுங்க அண்ணா,” என்றாள் அவள். “மன்னிக்கறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ரூட்டை மாத்திக் குடுங்க.”

அம்மாவிடமிருந்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே புது வழியை எழுதி, தவறு என்னுடையது என்றும் எழுதி, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான். அவர் அதைப் படித்தார். வண்டியில் இருந்த பழனாத்தாளைப் பார்த்தார். யாருக்கோ போன் பேசினார். அரைமணி நேரம் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். கடைசியில், “அடுத்த வருசம் ஒழுங்கா எழுதிக் குடுங்க,” என்று பெரிய ரோட்டைத் திறந்துவிட்டார்.

கனிஷ்காவும் பேட்டரி வண்டியும் முன்னால் போக, பேரணி மறுபடி நகர்ந்தது. பிரான்சிஸ் மைக்கைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினான்.

“முன்னாடி வாங்க. கோஷத்துக்கு நீங்க இல்லாம ஆகுமா?”

“நான் கடைசியில வாரேனுங்க. யாராவது பின்தங்கறாங்களான்னு பாக்கோணும்,” என்றான் மனோஜ்குமார். “கடைசி ஆளுக்கும் வழி இருந்தாத்தாங்க அது பேரணி. இல்லீன்னா, முன்னாடி போறவன் தனியா நடக்கறான், அவ்வளவுதான்.”