ஊறப்போட்ட துணி

எவ்வளவு சர்க்கரை என்று கேட்காமலேயே அண்ணி அவனுக்குத் தேநீர் கலந்துகொண்டு வந்தாள். அது என் மனதில் முள்ளாகத் தைத்தது. அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். காலர் மடிப்பில் மஞ்சள் ஏறிய சட்டை. அடுத்தவர் சட்டையில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் மறுபடி தேய்க்கிறவன், சிறையில் துவைத்த சட்டையோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

என் அண்ணனைக் கொன்றதாக இவன்மேல்தான் வழக்குப் போட்டார்கள். போன வாரம், போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். வேறு யாரையும் பிடிக்கவில்லை. இனிமேல் தேடப்போவதாகவும் தெரியவில்லை. இப்போது அவன் பழைய வேலையைக் கேட்டு வந்திருக்கிறான். சலவைக்கடையில் பாதி என் பங்கு, அப்பா அப்படித்தான் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அதனால் அண்ணி சரி என்றால் மட்டும் போதாது. நானும் சொல்ல வேண்டும்.

அவனுக்குச் சொட்டு என்று பெயர் வைத்தவன் அண்ணன்தான். வெள்ளைத் துணிக்கு நீலம் போடச் சொன்னால் குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவன் மாதிரி சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவான். “இவன்கிட்ட குடுத்தா மாப்பிள்ளைச் சட்டை அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் தயாராகும்” என்று அண்ணன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

கொலை நடந்த அன்று பிற்பகல் அண்ணன் கடையின் பின்னறையில் தலையில் அடிபட்டுக் கிடந்தான். முதலில் பார்த்துக் கத்தியவன் சொட்டு. பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஓடிவந்திருக்கிறார். நூலகத்தில் வேலையாக இருந்த எனக்குச் சேதி வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே சந்தை மாதிரி கூட்டம். போலீஸும் வந்திருந்தது. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. ஒரு கான்ஸ்டபிள் அலமாரியிலிருந்து யாரோ வாடிக்கையாளரின் படுக்கை விரிப்பை உருவி அண்ணன்மேல் போர்த்தினார். ஸ்ட்ரெச்சரில் ஏற்ற ஆள் போதவில்லை. “ஏய், சும்மாதானே நிக்கிற, நீ காலைப் பிடி” என்று இன்ஸ்பெக்டர் சொட்டுவைக் கூப்பிட்டார். அவன் பிடித்தான். அந்த நிமிடத்தோடு அவன் சட்டையிலிருந்த ரத்தம் பேச்சிழந்து போயிற்று. தூக்கும்போது பட்டதா, அதற்கு முன்பே பட்டிருந்ததா? அவனுடைய வக்கீல் கோர்ட்டில் இதைத்தான் கேட்டார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதுகூடப் பரவாயில்லை. வண்டி கிளம்பியதும் சொட்டு, ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது நழுவி விழுந்த அந்த விரிப்பையும் தன் சட்டையையும் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டான். ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது, காயவும் விடக்கூடாது. எங்கள் கடையில் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் தடயம் எடுக்க வந்தபோது இரண்டும் கொடியில் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன.

“ஏன் ஊறப்போட்ட?” என்று நேராகவே கேட்டேன்.

சொட்டு தேநீரைக் கீழே வைத்தான். “தெரியலக்கா. சத்தியமா தெரியல. கறையப் பாத்ததும் கை பாட்டுக்கு செஞ்சிருச்சு.”

“அது யார் ரத்தம்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும். காஞ்சுட்டா போகாதுக்கா.”

“உன் சட்டை?”

“அதுவும் அழுக்குதானே.”

மருந்துக்கடைக்காரர் என்னிடம் முதலில் சொன்னதைச் சொன்னேன். அவர் ஓடிவந்தபோதே இவன் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்ததாம், கழுவினது மாதிரி. கோர்ட்டில் அதே மனிதர் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

“சலவைக்காரன் சட்ட என்னிக்குக்கா காஞ்சிருந்துச்சு?” என்றான் சொட்டு.

அண்ணி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் போன பிறகு அண்ணி சமையலறையில் குவளைகளைக் கழுவினாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

“பின்கதவு திறந்து கிடந்துச்சு. எவன் வேணா வந்துட்டுப் போயிருக்கலாம்” என்றாள்.

“அந்தக் கதவுக்குத் தினமும் தாழ்ப்பாள் போடறது யாரு அண்ணி? அவன்தானே?”

“ஒருநாள் மறந்திருப்பான்.”

“அந்த ஒருநாள் அன்னிக்குத்தான் வரணுமா?”

“போலீஸ்காரன் கண்ணு முன்னாடி துவைச்சான். மறைக்கிறவன் அப்படியா செய்வான்? தடுக்க வேண்டியவன் போன் பேசிட்டு நின்னான். அவனை விட்டுட்ட, இவன் கழுத்தைப் பிடிக்கிற.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கண்ணெதிரே செய்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தெரிந்த ஒருவனும் அப்படித்தான் செய்வான் என்றும் தோன்றியது. இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில்தான் அண்ணன் போன நாளிலிருந்து என் நாட்கள் கழிந்துகொண்டிருந்தன.

“அவன் இல்லன்னு எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?”

குழாயை மூடிவிட்டு அண்ணி திரும்பினாள். “அடுத்த கேள்வியையும் கேட்டுடு.”

“எந்தக் கேள்வி?”

“அன்னிக்கு மத்தியானம் நான் எங்க இருந்தேன்னு. நாக்கு நுனில நிக்குதே, கேளும்மா. போலீஸ்தான் கேக்கல, நீயாவது கேளு.”

நான் கேட்கவில்லை.

“தூங்கிட்டிருந்தேன்” என்றாள். “சாட்சிக்கு ஒரு ஈ காக்கா கிடையாது.” ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். “வேற ஆளை வெச்சா அவன் யாரு எவன்னு தெரியாது. இவனையாவது எனக்குத் தெரியும். காலைல கடைக்கு வரச் சொல்லியிருக்கேன். வேண்டாம்னா நீயே போய் அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிடு.”

காலையில் போனேன். வழியெல்லாம் இரண்டு பதில்களையும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வேண்டாம் என்றால், குற்றம் செய்யாதவனை இன்னொரு தடவை தண்டிப்பதாகலாம். சரி என்றால், அந்தப் பின்னறையில் அண்ணியைத் தினமும் ஒரு கொலைகாரனோடு தனியாக விடுவதாகலாம். என்னைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் கடையின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. சாவியை அண்ணி எப்போது கொடுத்தாள் என்று தெரியவில்லை. மூடியே கிடந்ததில் ஷட்டர் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டு.

“யாரு?”

“நான்தான்.”

ஷட்டரைத் தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஒரு ஆளா தூக்க முடியலக்கா. நான் உள்ள இருந்து தள்ளறேன், நீங்க வெளிய இருந்து பிடிங்க” என்றான்.

தகரத்தின் விளிம்புக்கு அடியில் அவனுடைய விரல்கள் வெளியே வந்து பற்றிக்கொண்டன. நான் பையைத் தரையில் வைத்தேன். குனிந்து, அந்த விரல்கள்மேல் பட்டுவிடாமல் இடம் பார்த்து விளிம்பைப் பிடித்தேன். தகரம் சில்லென்றிருந்தது. மறுபக்கத்தில் அவன் மூச்சு கேட்டது.

“சொல்லுங்கக்கா,” என்றான் உள்ளிருந்து. “தூக்கலாமா?”

அவன் விரல்கள் அசையாமல் இருந்தன.