ஏழு பேருக்கும் ஒரே வேலை

எங்கேயோ இடித்தது. ஷெரோன் பதிவுகளை மூன்றாம் தடவையும் புரட்டினாள். ஏழு பேர், ஏழு கணக்கு. தளம் காட்டிய வேலைகளோ அச்சொட்டாக ஒன்று.

அது 2007 மார்ச். ஒருவர் எதை அழுத்துகிறார் என்று பார்த்து, மறுநாள் அவருக்கேற்ற வேலை விளம்பரங்களை முன்னே வைக்கும் இணையத்தளம் அது. பாவிக்க வசதியா என்று சோதிப்பது ஷெரோனின் பொறுப்பு. இட்டுக்கட்டிய விபரத்தோடு ஆட்களை அலுவலகத்தில் ஒரு மணித்தியாலம் இருத்தினால் போதும் என்றார் மேலாளர். ஊரான் சட்டையைப் போட்டுவிட்டு அளவு கேட்பதா என்று ஷெரோன் சண்டை பிடித்தாள். சொந்த விபரம், சொந்த வீடு, மூன்று கிழமை வேண்டும் என்றாள். வென்றும்விட்டாள். வெள்ளிக்கிழமை கொடுக்கும் அறிக்கை பிழையாய்ப் போனால் அவளுடைய ஒப்பந்தம் நீடிக்காது. அதை மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஆட்களைப் பிடித்தது தங்கள் பகுதியான கார்ட்டியர்வில்லின் கத்தோலிக்கக் கோயிலில், ஞாயிறு பூசை முடிந்த கையோடு. “என்ர வேலை உங்கட கையிலதான்” என்று கெஞ்சியே கேட்டாள். இப்போது பார்த்தால் லொறி ஓட்டுகிற அல்பேட்டுக்கும் தளம் காட்டியிருந்தது, பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற காப்பகமான கார்டெரியில் வேலை. தளத்துக்கு ஏழு பேருமே ஐந்துக்கு ஐந்து புள்ளி போட்டிருந்தார்கள். முதலில் தளத்தைச் சந்தேகித்தாள். பிறகு மேலாளரை. தன்னைத் தோற்கடிக்க அவரே பதிவில் கைவைத்தாரோ? கடைசியில் அல்பேட்டுக்குப் போன் எடுத்தாள். அவர் மென்று விழுங்கினார்.

“றோஸ்மேரியைக் கேளும், பிள்ளை.”

கோயில் சனத்தின் படிவமெல்லாம் நிரப்புவது, ஏழு பேரில் ஒருத்தியான றோஸ்மேரிதான். இது தெரிந்தும் யோசிக்கவில்லையே என்று ஷெரோனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. நேரே அவள் வீட்டுக்குப் போனாள்.

“ஓம், எல்லாருக்கும் நான்தான் அமத்தினனான்,” என்றாள் றோஸ்மேரி, ஒளிக்காமல். “அதுகள் ரெண்டு வேலை செய்யிற சனம். உமக்கு வேலை போகக்கூடாதெண்டு பாஸ்வேர்ட்டைத் தந்திட்டுப் போட்டுதுகள்.”

“புள்ளியும் நீங்களோ?”

“பின்னை? குறைச்சுப் போடுறதே?”

ஷெரோனுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“உண்மையைச் சொல்லுங்கோ அன்ரி. தளம் எப்பிடி?”

றோஸ்மேரி தயங்கினாள். “விசர்ச் சாமான். நான் எனக்குக் கார்டெரி வேலை பாத்தன். பேந்து ஆரின்ர பேரில போனாலும் அதையே காட்டுது. ஒரு கொம்பியூட்டருக்கு ஒரு ஆள்தான் எண்டு நினைக்குது. எங்கட வீடுகளில அப்பிடியே?”

மூன்று கிழமையில் கிடைத்த ஒரே உண்மை. எந்த அலுவலக அறையிலும் இது வந்திராது. ஆனால் இதை எழுதினால், எப்படிக் கிடைத்தது என்றும் எழுத வேண்டும்.

ஷெரோன் பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். பங்கேற்றவர்கள் என்ற இடத்தில் ஏழு என்பதை வெட்டி, ஒன்று என்று எழுதினாள்.

“ஐயோ, அப்ப உம்மட வேலை?”

“போனாலும் போகும், அன்ரி,” என்றாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.